குரல் நலமாக இருக்கிறது

மைக் முதலில் வால் மிதிபட்ட பூனை மாதிரி ஒரு கத்துக் கத்தியது. பி.டி. சார் அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார், சாதுவாகிவிட்டது. தட்டினால்தான் எதுவும் வழிக்கு வரும் என்பது இந்தப் பள்ளிக்கூடத்தின் வெளியுறவுக் கொள்கை என்று ரெஜிஸ் நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் அந்த வாக்கியம் அவன் மண்டைக்குள் டி.வி. விவாதத்தில் வரும் ஓய்வுபெற்ற தூதரின் குரலுக்கு மாறிவிட்டது, மூக்கால் பாதி வாயால் பாதி, அடிப்படையில் பார்த்தோமேயானால் தட்டுவது என்பதும் ஒருவகைப் பேச்சுவார்த்தையே. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்துவிட்டதே என்று பயமும் வந்தது. கொடிக்கம்பத்து மேடையில், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்க, நாளிதழை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் சிரிக்கக் கூடாது, அதிலும் அவன் சிரிக்கவே கூடாது, ஏனென்றால் கீழே வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அவன் வாயைத் திறப்பதற்காகத்தான் காத்திருக்கிறார்கள், திறந்தால் உள்ளேயிருந்து யார் வருவார்களோ என்று. தலைமையாசிரியை வருவாரா, மீன் ஏலம் விடுகிறவர் வருவாரா, மணல் லாரி பின்னால் எடுக்கும்போது கத்துகிற சத்தம் வருமா. இந்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற முறை. செய்தி முடிந்ததும் 'இன்றைய தலையங்கம்' என்று ஒன்று உண்டு, அது தமிழாசிரியர் கோமதிநாயகம் சார் கொண்டுவந்த பழக்கம். காலையில் டீ குடித்தபடியே தலையங்கத்தில் சில வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போடுவார், கோடு போட்டதை மட்டும் வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு ஒரு சொல் சேர்க்கக் கூடாது. இன்று பேப்பரைக் கொடுக்கும்போது சார் அவன் தோளில் கை வைத்தார். “ஏல ரெஜிஸ், இன்னைக்கு உங்க அப்பாவப் பத்தித்தான் எழுதியிருக்கான். நல்லாவே எழுதியிருக்கான். நீயே வாசி. அடுப்படியில உங்க அம்மை காதுல விழட்டும், ஆறுதலா இருக்கும்லா.” நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

வாழ்த்துப் பாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள், ஆரம்பிக்கும்போதே ஒருத்தி மேலேயும் ஒருத்தி கீழேயும் போனார்கள். ரெஜிஸ் உதட்டை மட்டும் அசைத்தான். அப்பா காஸ்பர் ஒரு சரக்குக் கப்பலில் போசன். போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி என்று வருகிற நிருபர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள், அவர்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் ஒருத்தர் கேப்டன் என்று எழுதினார், ஒருத்தர் மீனவர் என்று எழுதினார், ஒருத்தர் காஸ்பருக்குப் பதிலாகப் பாஸ்கர் என்று எழுதி அப்பாவின் மதத்தையே மாற்றிவிட்டார். நடுக்கடலில் எஞ்சின் நின்று, கப்பல் காற்று இழுத்த பக்கம் போய், யாரும் போகாத, போனவரை விடாத ஒரு நாட்டின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. உளவு பார்க்க வந்தவர்கள் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்டின் பெயர் ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை, ஆகவே பூட்டு நாடு என்று வைத்துக்கொண்டார்கள், அந்த நாட்டுக்காரன் தன்னை உள்ளே பூட்டியிருக்கிறானா மற்றவர்கள் அவனை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்களா என்று சலூனில் ஒரு பொழுது முழுக்க வாக்குவாதம் நடந்தது. பூட்டு நாட்டிடம் அணுகுண்டு இருக்கிறது. குண்டைக் கைவிடு, பிறகு அரிசியும் எண்ணெயும் தருகிறோம் என்கின்றன பெரிய நாடுகள். முதலில் அரிசியையும் எண்ணெயையும் விடு, பிறகு குண்டைப் பற்றிப் பேசுவோம் என்கிறது பூட்டு நாடு. இதற்காக எங்கோ ஒரு குளிர் தேசத்தில் ஏரிக்கரை ஹோட்டலில் மேஜை போட்டார்கள். மாலுமிகளை விடுவிப்பது அந்த மேஜையில் கடைசிப் பேச்சாக இருந்தது. கடைசிப் பேச்சு வரை யாரும் போகவில்லை, முதல் பேச்சிலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். பேச்சு முறிந்தது. முறிந்தது என்று சொல்லக் கூடாது, தேக்க நிலை என்று சொல்ல வேண்டும், என்று மண்டைக்குள் டி.வி.யில் செய்தி வாசிக்கிற அக்கா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு திருத்தினாள். தேக்க நிலை. மழை விட்டும் போகாமல் தெருவில் கிடக்கிற தண்ணீர் மாதிரி. அதில் கொசு முட்டையிடும். அதில் அப்பா.

நூலகத்தில் எல்லாப் பத்திரிகையும் வரும், அவன் எல்லாவற்றையும் படித்தான். படித்தான் என்பதைவிடக் கேட்டான் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனுக்கு அச்செழுத்தைப் பார்த்தாலே அதைப் பேசுகிற வாய் தெரிந்துவிடும். தலைநகரத்து ஆங்கிலப் பேப்பருக்கு மூக்கு நுனியில் கண்ணாடி, தொண்டையில் சளி, நிதானம் தேவை, இருதரப்பும் நிதானம் காட்ட வேண்டும், நிதானமாகக் காட்டும்வரை நாம் நிதானமாகக் காத்திருக்க வேண்டும். மாலைப் பேப்பருக்குச் சந்தையில் கத்திரிக்காய் விற்கிற குரல், குண்டு நாட்டுக்கு ஆப்பு, அடுத்த ஆப்பு நாளைக்கு, வாங்கம்மா வாங்க. வியாபாரப் பேப்பர் இருமலே இல்லாமல் பேசும், பேச்சு முறிந்ததால் கச்சா எண்ணெய் கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கியது, மாலுமிகளைப் பற்றி அது ஏறவுமில்லை இறங்கவுமில்லை. தூதர் ஐயா ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எழுதுவார், நான் அங்கே பணியாற்றிய நாட்களில் ஒரு விருந்தில், என்று ஆரம்பித்து விருந்திலேயே முடித்துவிடுவார். நூலகத்துப் படிக்கட்டில் வைத்து இத்தனை பேரையும் ரெஜிஸ் ஒரே மூச்சில் செய்து காட்டுவான், கூடப் படிக்கிற இசக்கிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “லேய், போதும்ல, செத்துருவேன்” என்று உருளுவான், உருண்டு முடித்ததும் அவன் முகத்தில் ஒரு சங்கடம் வரும், இவன் அப்பா விஷயத்துக்குத்தானே சிரித்தோம் என்று. ரெஜிஸுக்கு அந்தச் சங்கடம்தான் பிடிக்காது. சிரிக்கிறவன் சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே. இவர்களையெல்லாம் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வானொலியில் அந்தக் குரல் வந்த பிறகு பயம் மடியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. உறுதிமொழிக்காக எல்லோரும் கையை நீட்டினார்கள், நீட்டிய கைகளுக்குப் பின்னால் சத்துணவுக் கூடத்தின் புகை நேராக மேலே போனது. அம்மா பிரகாசி அங்கே அமைப்பாளர். அரிசி களைகிற சத்தம் வருகிறது. அங்கே ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள், மேடையில் தும்மினால் அடுப்படியில் கேட்கும். அந்தக் குரல் வந்த அன்றும் அம்மா அங்கேதான் இருந்தாள். பேச்சு தேங்கிப்போன பிறகு ஒரு நாள் பூட்டு நாட்டு வானொலி திடுமென்று தமிழில் பேசியது. பிடிபட்ட மாலுமிகளின் சார்பாக ஒருவர். நான் காஸ்பர் பேசுதேன், எல்லாரும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். சாப்பாடு நேரத்துக்கு வருது, வருது. எங்க நாட்டுப் பத்திரிகைகள் இந்த நாட்டப் பத்தி உண்மைய எழுதணும், எழுதணும். நடுநடுவே ஒரு செருமல், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் பல்லிடுக்கில் சின்னதாக ஒரு சீட்டி. ஸ்ஸ்யூ. எல்லாச் சேனலும் அதைப் போட்டது. ஊர் முழுக்கப் பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள், “ஏ பிரகாசி, அப்படியே அண்ணன் குரலு, அப்படியே அண்ணன் செருமலு”, மாதா கோயிலில் திருப்பலி வைத்தார்கள், சலூன்காரர் அன்றைக்கு ரெஜிஸுக்குச் சும்மா முடிவெட்டிவிட்டார். பிறகு பத்திரிகைகள் அந்தக் குரலின் மேல் ஏறி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தன. உயிருடன் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றது ஒன்று. பதற்றமில்லாத, கம்பீரமான குரல் என்றது இன்னொன்று. தூதர் ஐயா டி.வி.யில் அந்தச் சீட்டியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, கவனியுங்கள், துன்புறுத்தப்படுகிற மனிதன் சீட்டியடிக்க மாட்டான், என்றார். ஆகவே. அந்த ஆகவேதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. ஆகவே மாலுமிகள் நலம், ஆகவே அவசரமில்லை, ஆகவே குண்டு விஷயத்தில் ஒரு படி கூட இறங்கிப் போக வேண்டாம், ஆகவே தேங்கட்டும். பேச வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பத்திரிகைகளும் அதற்குப் பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விட்டன. ஒரு சீட்டி. ஒரு சீட்டியை வைத்து.

ஒரு மனுஷனை மிமிக்ரி செய்வதற்கு அவனை முழுசாக எடுக்க வேண்டியதில்லை, மூன்று ஆணி போதும், எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்தால் முழு ஆளும் வந்து தொங்குவான். போன தடவை அப்பா லீவில் வந்திருந்தபோது, கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், மிச்சமிருந்த கறியைச் சூடுபண்ணி வைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அப்பாவோடு அதே கப்பலில் எஞ்சின் பக்கம் வேலைபார்க்கிற இலாரி மாமாவும் இருந்தார், பக்கத்துத் தெரு, எதற்கெடுத்தாலும் கெக்கேபிக்கே என்று சிரிக்கிற ஆள். அப்பாவைச் செய்துகாட்டு என்று அவர்தான் கிளப்பிவிட்டார். ரெஜிஸ் எழுந்து நின்று வேட்டியைத் தூக்கிக் கட்டினான். முதல் ஆணி செருமல். இரண்டாவது, கடைசிச் சொல்லை இரண்டு தடவை சொல்வது; அப்பா எப்போதாவது, ஃபோனில் சிக்னல் கிடைக்காதபோது மட்டும் அப்படிச் சொல்வார், ஆனால் எப்போதாவது என்பதை எப்போதும் என்று ஆக்குவதுதானே மிமிக்ரி. மூன்றாவது ஆணி கிடைக்கவில்லை. அப்பா வெறும் அப்பாவாக இருந்தார், பிடி கொடுக்கவில்லை. அப்பாவின் முன்பல்லில் ஒரு இடைவெளி உண்டு, அதைப் பார்த்ததும் அவனாகவே ஒரு சீட்டியை உண்டாக்கி ஒட்டவைத்துவிட்டான். ஸ்ஸ்யூ. முற்றமே ஆடிப்போனது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஏல, இது நான் இல்லல. நான் எப்பம்ல சீட்டி அடிச்சேன்?” என்றார் அப்பா, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே. “மச்சான், இதுவரைக்கும் அடிக்கலன்னா இனிமே அடியும். பையன் முடிவு பண்ணிட்டான்லா, மாத்த முடியாது” என்றார் இலாரி மாமா. அப்புறம் கை கழுவப் போகிற இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். “மக்கா, அந்தச் சீட்டிய இன்னொருக்கா காட்டு. நாக்க எங்க வைக்கணும்? கப்பல்ல உங்க அப்பன் என்னைய ஏசும்போது அப்படியே திருப்பி ஏசணும்.” ரெஜிஸ் காட்டினான், நாக்கு நுனியை இந்தப் பல்லில் வையும் மாமா, காத்த மெதுவா விடும், ஐயோ ரொம்பச் சத்தம், பிரஷர் குக்கர் மாதிரி இருக்கு. மாமா பிடித்துக்கொண்டார். கடைசியில் அவனைவிட நன்றாகவே செய்தார்.

எனது நாடு, எனது மக்கள், என்று நீட்டிய கைகள் முழங்கின, ரெஜிஸ் உதட்டை அசைத்தான், உதட்டுக்குப் பின்னால் நாக்கு தானாகவே அந்தப் பல்லுக்குப் போனது, பிடித்து இழுத்தான். அப்பாவிடம் இல்லாத சீட்டி. வீட்டு முற்றத்தில் பிறந்து, இலாரி மாமா வாயில் ஏறி, கடல் தாண்டி, பூட்டைத் தாண்டி, வானொலி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. தூதர் ஐயா கேட்டது அவனுடைய சீட்டியை. பேசியது இலாரி மாமா. ஏன் பேசினார். நாக்கு வழுக்கிவிட்டதா, கப்பலில் இத்தனை நாள் கேலி பண்ணிப் பண்ணி அப்பா என்றாலே சீட்டியோடுதான் வாயில் வருகிறதா. அல்லது தெரிந்தே போட்டாரா, உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் இது விளங்கும், அவன் காதில் விழட்டும் என்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று, தவறிவிடக் கூடாதே என்று, மக்கா இது உங்க அப்பன் இல்ல, மக்கா இது உங்க அப்பன் இல்ல. காஸ்பர் என்ற பெயர்தான் பத்திரிகையில் வந்தது, அதனால் காஸ்பர்தான் பேச வேண்டும் என்று பூட்டு நாட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். காஸ்பர் ஏன் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும். அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, கொடைக்கானல் போனபோதே மூன்று நாள் பேச்சு வரவில்லை. அல்லது மாட்டேன் என்று சொல்லியிருப்பார், எழுதிக் கொடுத்ததை வாசிக்க மாட்டேன், நீ என்ன செய்வியோ செய்யி. அப்பாவுக்கு அந்த வீம்பு உண்டு. இது இரண்டு. இரண்டும் நல்ல காரணங்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் அப்பா மப்ளர் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றார், குரங்கு ஒன்று பாப்கார்னைப் பிடுங்கிக்கொண்டு போனது, அப்பா அதை ஏசினார், சத்தமே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. தொண்டை கட்டியிருக்கும். வீம்பாக இருக்கும். மூன்றாவது. மூன்றாவதுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் மண்டைக்குள் குறுக்கே வந்து பேசத் தொடங்கிவிடுவார், நிதானம் தேவை, வாங்கம்மா வாங்க, அடிப்படையில் பார்த்தோமேயானால். முன்பெல்லாம் இவன் அவர்களைச் செய்தான். இப்போது அவர்கள் இவனைச் செய்கிறார்கள்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. இசக்கிராஜிடம் சொன்னான், அவன் முறைத்துவிட்டு, “அப்பம் உங்க அப்பாவுக்கு ரெண்டு டூப்பா, நீ ஒண்ணு உங்க மாமா ஒண்ணு? லேய், போதும்ல உன் விளையாட்டு” என்று எழுந்து போய்விட்டான். பேப்பர் ஆபீசுக்கு ஃபோன் செய்தான், யாரோ ஒருவர் டைப் அடித்துக்கொண்டே, “தம்பி, வாசகர் கருத்தா? சுருக்கமா எழுதி அனுப்புங்க, பேரு ஊரு அவசியம்” என்றார். கோமதிநாயகம் சாரிடம் சொல்லலாம் என்று ஸ்டாஃப் ரூம் வாசல் வரை போனான், உள்ளே சார் யாரிடமோ, “அந்தக் குரலக் கேட்டதுலருந்துதான் அந்தப் பயலுக்கு முகத்துல உயிரே வந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டான். யார் நம்புவார்கள். போன வருஷம் மழை நாளில் மாவட்டக் கல்வி அதிகாரியின் குரலில் தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டு, “என்னம்மா, இன்னுமா ஸ்கூல் நடத்திக்கிட்டிருக்கீங்க?” என்று ஒரு அதட்டுப் போட்டு, பள்ளிக்கூடமே லீவு விட்டு, எல்லோரும் கேட்டைத் தாண்டியதும் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்ததே, அந்தப் பையன் சொல்கிறான், வானொலியில் வந்தது மிமிக்ரி என்று. வானொலி பொய், பத்திரிகை பொய், தூதர் பொய், இவன் உண்மை. நல்ல கதை. அவனே நம்ப மாட்டான்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மா அந்தக் குரலை ஃபோனில் வைத்திருக்கிறாள், பருப்பு வேகிற நேரத்தில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து போட்டுக் கேட்பாள். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள். முடிந்ததும் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டைகளை எண்ணப் போய்விடுவாள். ஆனால் சாப்பிடுகிறாள். குரல் வருவதற்கு முன்னால் கஞ்சியைக் கூட வாயில் வைக்காமல் இருந்தவள் இப்போது தட்டில் போட்டுச் சாப்பிடுகிறாள், மற்ற மாலுமிகளின் மனைவிமார் அழுதுகொண்டு வந்தால், “பேசாம இருங்கட்டி, அவங்க வந்துருவாங்க” என்கிறாள். அதைப் போய்ப் பிடுங்குவதா. சொல்லாவிட்டால் அம்மா சாப்பிடுவாள், பத்திரிகைகள் ஆகவே ஆகவே என்று எழுதிக்கொண்டிருக்கும், அங்கே தொண்டை கட்டியோ வீம்பு பிடித்தோ படுத்திருக்கிற அப்பாவுக்கு ஒரு டாக்டரை அனுப்புங்கள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் காஸ்பர்தான் நலமாக இருக்கிறாரே, சீட்டியடிக்கிறாரே. சொன்னால். சொன்னால் முதலில் அம்மாவுக்குத்தான் கேட்கும்.

“இப்போது இன்றைய செய்திகள். வாசிப்பவர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ரெஜிஸ்” என்றாள் ஒரு சின்னப் பெண், விலகிப் போகும்போது அவனைப் பார்த்து எதிர்பார்ப்போடு பல்லைக் காட்டினாள். அவன் மைக்கிடம் போனான். வரிசையில் ஒரு சலசலப்பு. அணையில் நீர்மட்டம், ரயில் நேர மாற்றம், கபடியில் நம் மாவட்ட அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி, எல்லாவற்றையும் வாசித்தான், யாருடைய குரலில் என்று அவனுக்கே தெரியவில்லை, செய்தி வாசிக்கிற அக்காவும் மாலைப் பேப்பரும் மாறி மாறி வந்துபோனார்கள், முன்வரிசைப் பொடிசுகள் அதற்கே சிரிக்க ஆரம்பித்தன. தலைமையாசிரியை சண்முகவடிவு டீச்சர் கண்ணாலேயே ஒரு அதட்டு அதட்டினார். இன்றைய தலையங்கம். சிவப்புக் கோடு வியர்வையில் விரலோடு வந்திருந்தது. அணு ஆயுதப் பேச்சுவார்த்தையில் ஏற்பட்டுள்ள தேக்கத்தை எண்ணி நாம் பதற்றமடையத் தேவையில்லை. அங்குள்ள நம் மாலுமிகள் நலமாக இருக்கிறார்கள் என்பதை வானொலியில் ஒலித்த அந்தக் குரலே உறுதி செய்கிறது. குரல் நலமாக இருக்கிறது. ஆகவே, என்று அடுத்த கோடு ஆரம்பித்தது. ஆகவே என்பதற்குப் பிறகு அவனால் போக முடியவில்லை. எழுத்து இருந்தது, கண்ணும் இருந்தது, ஆகவேயில் போய்க் கால் மாட்டிக்கொண்டது. ஆகவே. கோமதிநாயகம் சார் கீழேயிருந்து, வாசி வாசி என்று கையை அசைத்தார், முகம் முழுக்க அன்பு. அடுப்படிப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஆகவே. மண்டைக்குள் அத்தனை பேரையும் தேடினான், யாராவது ஒருத்தர் வந்து இதை வாசித்துவிட்டுப் போங்களேன், தூதரய்யா, அக்கா, கண்ணாடிக்காரரே, ஒருத்தரும் வரவில்லை. வீடு காலியாகக் கிடந்தது. அந்தக் காலி வீட்டில் மூன்றாவது காரணம் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, அவனைப் பார்த்தது, இந்தத் தடவை அவனும் அதைப் பார்த்தான்.

“அது எங்க அப்பா இல்ல” என்றான்.

ஒலிபெருக்கிகள் அதைச் சுவரில் அடித்துத் திரும்பக் கொண்டுவந்தன. தட்டையான, கொஞ்சம் உடைந்த, எந்த ஆணியும் இல்லாத ஒரு குரல், அதை அந்தப் பள்ளிக்கூடம் இதுவரை கேட்டதே இல்லை. “ரேடியோவுல பேசினது எங்க அப்பா இல்ல. அது இலாரி மாமா. எங்க அப்பா மாதிரி பேசுதாரு. எங்க அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டு.” பிறகு ஆறாம் வகுப்பில் ஒருவன் கெக்கென்றான். அது ஏழுக்குத் தாவி, எட்டுக்குத் தாவி, வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டு ஏறியது. யார் குரல்லே இது? அழுகிற ஆள் மாதிரி பண்ணுதாம்ல! சினிமா வில்லன்கிட்ட அடிவாங்குற ஆள்ல! கடைசி வரிசையில் விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கம் கைதட்டினார்கள். இவ்வளவு தத்ரூபமாக அவன் இதுவரை ஒன்றையும் செய்ததில்லை என்று எல்லோருக்கும் பட்டது. “அப்பனோட விசயத்துலயுமால விளையாடுவ?” என்று கோமதிநாயகம் சார் கத்தினார், அவர் முகத்தில் இருந்த அன்பு செருப்படி பட்ட மாதிரிச் சிவந்துபோனது, “எறங்குல கீழ! மைக்க ஆஃப் பண்ணுங்க சார்!” பி.டி. சார் மேடையை நோக்கி ஓடிவந்தார். ரெஜிஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்க ஆளில்லை. சிரிப்பு அவன் மேல் வந்து வந்து மோதியது, அவனும் சிரித்துவிடலாம், இப்போது ஒரு சீட்டி அடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும், சும்மா சொன்னேன் சார், நாக்கு அந்தப் பல்லுக்குப் போய்விட்டது.

அப்போது சிரிப்பு அடுப்படிப் பக்கத்திலிருந்து அணையத் தொடங்கியது. முதலில் ஒரு வரிசை, பிறகு அடுத்தது. அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். வேகமாக இல்லை, அழுதுகொண்டும் இல்லை, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே வழி கேட்காமல் நடந்தாள், அவள் தாண்டிப்போன இடமெல்லாம் வாய் மூடிக்கொண்டது. மேடைப் படியில் பி.டி. சார் ஏதோ சொல்லப் போனார், அவள் அவரைப் பார்க்கவில்லை. “ஏட்டி பிரகாசி, நீ போ, நான் பார்த்துக்கிடுதேன்” என்று சண்முகவடிவு டீச்சர் அவள் கையைப் பிடித்தார், கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ரெஜிஸ் மைக்கிலிருந்து கையை எடுத்தான். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும். “யம்மா,” என்றான், “நான் விளையாடலம்மா.”

அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அடுப்புப் புகையும் பருப்பும் மணந்தாள். அவள் கண்ணில் அதிர்ச்சி இல்லை. நாள்கணக்காகத் தூங்காத ஒருத்தி, கடைசியில் விடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது. “எனக்குக் கேட்ட அன்னைக்கே தெரியும் மக்கா” என்றாள், மைக்குக்கு எட்டாத குரலில். “ஒனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் நான் சோறு தின்னுக்கிட்டிருந்தேன்.” பிறகு மைதானத்தைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், அவன் கையில் கசங்கியிருந்த பேப்பரை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள், மைக்கை அவன் வாய்க்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“இன்னொருக்கா சொல்லு. இவுங்க யாருக்கும் கேக்கல.”